கேட்காமல் கொடுக்கும் மாத்திரை

கூடலூர், கோத்தகிரி பக்கம் மருந்துக் கடைகளில் சாயங்காலம் கொஞ்ச நேரம் நின்றால் போதும், இதைப் பார்த்துவிடலாம். கொழுந்தை எடை போட்டுவிட்டு நேராக வந்திருக்கும் ஓர் அக்கா, கடை முன்னால் நிற்கும் ஆண்கள் கலையட்டும் என்று ஓரமாக ஒதுங்கி நிற்பார். கூட்டம் குறைந்ததும் குரலைத் தாழ்த்தி, "வெள்ளைப்படுதலுக்கு ஏதாவது குடுங்கண்ணா" என்பார். கடைக்காரர் மறுபேச்சுப் பேசமாட்டார். பெண்பிள்ளையிடம் இதையெல்லாம் விசாரிப்பது மரியாதை இல்லை என்பது அவர் எண்ணம். விசாரிக்காமல் விட்டாரே என்ற நிம்மதி அக்காவுக்கு. ஒரு மாத்திரையும் ஒரு களிம்பும் செய்தித்தாளில் மடித்துக் கைக்கு வந்துவிடும்.

கொடுத்த மாத்திரை மோசமானதல்ல. பெரும்பாலும் அது ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம். பூஞ்சைத் தொற்றுக்கு ஒரே ஒரு வேளை விழுங்கினால் பெரும்பாலோருக்குக் குணம் தெரியும்; ஒரு டீ, வடைக் காசுக்குக் கிடைக்கும். உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோல் மாத்திரையும் அதே அளவுக்கு வேலை செய்யும். இவ்வளவு மலிவான, இவ்வளவு நல்ல மருந்து பெண்களின் எத்தனை நோய்களுக்கு இருக்கிறது? என் குறையெல்லாம் மாத்திரைக்கு முன்னால் வந்திருக்க வேண்டிய விசாரணை காணாமல் போனதைப் பற்றித்தான்.

கேண்டிடா என்ற இந்தப் பூஞ்சை வெளியிலிருந்து படையெடுத்து வருவதில்லை. பல பெண்களின் உடலில் சாதுவாகக் குடியிருப்பதுதான். சர்க்கரை ஏறினால், கர்ப்பமானால், காய்ச்சலுக்கோ இருமலுக்கோ ஆன்டிபயாடிக் சாப்பிட்டு உள்ளிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அழிந்தால், இது பெருகிவிடும். நான்கு பெண்களில் மூன்று பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வரும் என்பது மருத்துவக் கணக்கு. பால்வினை நோய்களின் பட்டியலில் இது இல்லை. இதைச் சொல்லியே ஆக வேண்டும். மனைவிக்கு அரிப்பு என்றதும் சந்தேகத்தைக் கிளப்பும் கணவன்மார்களும், கணவனைச் சந்தேகித்து வாய்திறக்காமல் வேகும் மனைவிகளும் லயன் வீடுகளிலும் உண்டு, பங்களாக்களிலும் உண்டு. கணவனுக்கும் அரிப்போ சிவப்போ இருந்தால்தான் அவருக்கு மருந்து தேவை.

வெள்ளைப்படுவதெல்லாம் பூஞ்சையும் அல்ல. மாதவிலக்குக்கும் மாதவிலக்குக்கும் நடுவில் வழுவழுப்பாக, வாடையில்லாமல் படுவது உடம்பின் இயல்பு. அதை "எலும்பு உருகிப் போகிறது" என்று பயந்து மருந்து வாங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பூஞ்சை என்றால் முக்கிய அடையாளம் அரிப்பு, பொறுக்க முடியாத அரிப்பு. தயிர்த் திப்பி போலக் கட்டியாகப் படும், வாடை அநேகமாக இருக்காது. மீன் வாடையோடு சாம்பல் நிறத்தில் நீர்த்துப் போனால் அது பாக்டீரியா வேலை. மஞ்சளும் பச்சையுமாக நுரைத்து வந்தால் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதற்குக் கணவன் மனைவி இருவருக்கும் மருந்து தேவை. இந்த இரண்டுக்கும் ஃப்ளூகோனசோல் ஒன்றும் செய்யாது.

படித்த பெண்களுக்கு இந்தக் குழப்பம் வராது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பூஞ்சை மருந்தைச் சீட்டில்லாமலே கடையில் வாங்கலாம். அப்படித் தாங்களே முடிவு செய்து மருந்து வாங்கிய 95 பெண்களைப் பரிசோதித்து 2002இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் பூஞ்சை மட்டும் இருந்தது. மற்றவர்களுக்குப் பாக்டீரியாத் தொற்று, இரண்டும் கலந்தது, அல்லது ஒன்றுமே இல்லை. முன்பு ஒரு தடவை டாக்டர் பார்த்துப் பூஞ்சை என்று சொல்லியிருந்த பெண்களும் மற்றவர்களைவிடச் சரியாகக் கணிக்கவில்லை. மருந்துப் பெட்டியின் மேலேயே அறிகுறிகளை அச்சிட்டு விற்கிற நாட்டில் இந்த நிலை. தேவாலாவிலும் சேரம்பாடியிலும் செய்தித்தாளில் மடித்து வாங்குகிறவரின் நிலையைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மலையில் இந்தச் சிக்கல் இன்னொரு முடிச்சும் போட்டுக்கொள்கிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் கூடலூர், பந்தலூர் பக்கம் மாதக்கணக்கில் விடாது. நனைந்த தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று பறிக்க இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டிக்கொள்கிறார்கள். வெளியே மழை, உள்ளே வியர்வை. காலையில் கட்டியதை மாலையில்தான் அவிழ்க்க முடியும். காட்டுக்குள் கழிப்பறை கிடையாது. சரிவில் ஒதுங்கலாம் என்றால் அட்டைப்பூச்சியும் இருக்கும், யானையும் இருக்கும், மேஸ்திரியும் இருப்பார். அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார்கள், சிறுநீரை அடக்குகிறார்கள். கொஞ்ச நாளில் சிறுநீர் போகும்போது எரிச்சல் வருகிறது.

அந்த எரிச்சல் சிறுநீர்ப்பாதைத் தொற்றாலும் வரலாம். பூஞ்சையால் புண்ணான வெளித்தோலில் சிறுநீர் படுவதாலும் வரலாம். உள்ளே எரிகிறதா, வெளியே படும்போது எரிகிறதா என்று கேட்டால் பெரும்பாலும் பிரித்துவிடலாம். கேட்பதில்லை. 'எரிச்சலா, இந்தா' என்று ஆன்டிபயாடிக் ஐந்து நாளைக்குக் கொடுக்கப்படுகிறது. பூஞ்சைதான் காரணம் என்றால் அந்த ஆன்டிபயாடிக் அதற்கு உரம் போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. அடுத்த வாரம் அரிப்பு இரண்டு மடங்கு. மறுபடி அதே கடை, அதே தாழ்ந்த குரல். இதற்கு நம்மூரில் வைத்த பெயர் 'உடம்புச் சூடு'. பந்தலூர் மழையில் ஊறி நிற்கிற உடம்புக்கு எங்கிருந்து சூடு வந்தது என்று யாரும் யோசிப்பதில்லை.

உள்ளாடையை வெயிலில் நன்றாக உலர்த்திப் போடுங்கள் என்று தொலைக்காட்சியில் சொல்லும் டாக்டரம்மாவுக்கு ஒரு தடவை ஜூலை மாதத்துப் பந்தலூரைக் காட்ட வேண்டும். அங்கே துணி காய்வது அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில்தான். அதிலும் தவறில்லை, ஈரம் போனால் சரி. பருத்தி உள்ளாடை, மாற்றிக்கொள்ள இன்னொன்று, வேலை முடிந்ததும் நனைந்ததைக் கழற்றிவிடும் பழக்கம், இவ்வளவு இருந்தால் எரிச்சல் குறையும். ஆனால் வந்துவிட்ட தொற்றுக்குத் துணி மருந்தாகாது.

மருந்துக்கு வருவோம். கடைக்காரர் முதலில் கேட்டிருக்க வேண்டியது, "தலைக்குக் குளிச்சு எத்தனை நாளாச்சு?" கர்ப்பமாக இருக்கிறோம் என்று தெரியாத முதல் வாரங்களில்தான் பல பெண்களுக்கு வெள்ளைப்படுதல் கூடும், பூஞ்சைக்கும் அது தோதான காலம். டென்மார்க்கில் சுமார் 14 லட்சம் கர்ப்பங்களின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. ஃப்ளூகோனசோல் விழுங்கிய கர்ப்பிணிகளிடம் கருச்சிதைவு கூடுதலாக இருந்ததாக அது சொன்னது. அதே ஆண்டு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் எச்சரித்தது. கர்ப்பிணிக்கு விழுங்கும் மாத்திரை வேண்டாம், உள்ளே வைக்கும் க்ளோட்ரிமசோலை ஏழு நாள் வைத்தால் போதும் என்பதுதான் இன்றைக்கு மருத்துவ வழிகாட்டிகள் சொல்வது. அதையும் டாக்டரோ நர்ஸோ பார்த்துச் சொன்ன பிறகு.

அடுத்த கேள்வி, "வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க?" ஃப்ளூகோனசோல், கல்லீரலில் சில மருந்துகள் கரைந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். க்ளிபென்க்ளமைடு, க்ளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் உடம்பில் தங்கிப்போனால் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். காலையில் வெறும் கட்டங்காப்பியைக் குடித்துவிட்டு மேட்டுக்குக் கிளம்பும் பெண்ணுக்குத் தோட்டத்தில் மயக்கம் வந்தால், அதையும் முந்தின இரவு போட்ட 'வெள்ளைப்படுதல் மாத்திரை'யையும் யாரும் சேர்த்துப் பார்க்கப் போவதில்லை. வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிடாய்ன், இதய வால்வு வைத்தவர்கள் சாப்பிடும் வார்ஃபரின் ஆகியவற்றோடும் இதே சிக்கல். வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரை போகலாம். கல்லீரல் நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

அரிப்பு காலையிலேயே நிற்கவில்லை என்று மறுநாள் இன்னொரு மாத்திரை வாங்குவதும் நடக்கிறது. இந்த மருந்து உடம்பில் பல நாள் தங்கி வேலை செய்யும். குணம் தெரிய இரண்டு மூன்று நாளாகும். ஒரு வாரத்திலும் தீரவில்லையென்றால் நோய் வேறு என்று அர்த்தம், அல்லது இந்த மருந்துக்கு மசியாத வேறு இனப் பூஞ்சை. இரண்டாவது மாத்திரையைவிட டாக்டர்தான் அப்போது தேவை. கண்டபடி விழுங்கிக்கொண்டே இருந்தால் மருந்துக்கு அடங்காத இனங்கள் மிஞ்சித் தழைக்கும்.

உள்ளே வைக்கும் மாத்திரையைப் பற்றி யாரும் வாய்திறந்து சொல்லாததால் அதை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தவர்களும் உண்டு. அதனால் வெட்கப்படாமல் எழுதுகிறேன். இரவு படுக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, மாத்திரையை விரலாலோ கூட வரும் குழலாலோ எட்டுகிற ஆழத்துக்கு உள்ளே தள்ள வேண்டும். கர்ப்பிணிகள் குழலைத் தவிர்த்து விரலால் வைப்பது நல்லது. காலையில் வெள்ளையாகக் கொஞ்சம் வடியும். அது கரைந்த மருந்து, பயம் வேண்டாம். ஆறு நாள் மருந்து என்றால் ஆறு நாளும் வைக்க வேண்டும். மூன்றாம் நாளே அரிப்பு நின்றுவிடும், மீதி மாத்திரை அலமாரியில் நாத்தனாருக்காகக் காத்திருக்கும். அதுதான் தவறு. மாதவிலக்கு நாட்களில் மருந்து இறங்கி வந்துவிடும் என்பதால் அதற்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளலாம். இந்த மருந்துகள் பலவற்றில் எண்ணெய்ப் பசை இருப்பதால் ஆணுறை கிழியக்கூடும் என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

இனி அந்தக் களிம்பு. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக், பூஞ்சை மருந்து எல்லாவற்றையும் ஒரே குழாயில் கலந்து அடைத்த களிம்புகள் இந்தியக் கடைகளில் மலிந்து கிடக்கின்றன. தடவிய ஒரு மணி நேரத்தில் அரிப்பு அடங்கும். அடக்குவது ஸ்டீராய்டு, பூஞ்சை உள்ளே பாதுகாப்பாக இருக்கும். நிறுத்தினால் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். அந்த இடத்துத் தோல் மெல்லியது, மருந்தை வேகமாக உறிஞ்சும். சில மாதங்களில் தோல் மெலிந்து, வெடித்து, தொட்டாலே எரியும் நிலைக்கு வந்துவிடும். படர்தாமரை இந்தியாவில் மருந்துக்கு அடங்காத நோயாக மாறியதற்கு இந்தக் கலவைகள் ஒரு முக்கியக் காரணம் என்று தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிக் களைத்துவிட்டார்கள். 2018இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. பட்டியல் டெல்லியில் இருக்கிறது, களிம்பு கடைவீதியில் இருக்கிறது.

சர்க்கரையைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும். அடிக்கடி பூஞ்சை வருகிற பெண்ணிடம் முதலில் பார்க்க வேண்டியது ரத்தச் சர்க்கரை. இது டாக்டர்களுக்கு எப்போதும் தெரிந்ததுதான். புதிதாகச் சேர்ந்திருப்பது சிகிச்சையால் வரும் பூஞ்சை. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் என்ற மாத்திரைகள் ரத்தத்தில் மிகுந்த சர்க்கரையைச் சிறுநீரோடு வெளியேற்றுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லவை. 2020இல் டாபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை முடிந்த பிறகு விலை சரிந்து, சாதாரண மக்களின் சீட்டிலும் இவை வந்துவிட்டன. ஆனால் சர்க்கரை கலந்த சிறுநீர் படும் இடத்தில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இவற்றைச் சாப்பிடும் பெண்களிடம் இந்தத் தொற்று பல மடங்கு கூடுகிறது. சிறுநீர் கழித்த பின் வெறும் தண்ணீரால் கழுவி ஈரம் ஒற்றிவிடுங்கள், அரிப்பு வந்தால் என்னிடம் சொல்லுங்கள், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று எழுதிக் கொடுக்கும் டாக்டர் ஒரு வரி சொன்னால் போதும். எத்தனை பேர் சொல்கிறார்கள்? 55 வயது அம்மாவுக்கு அந்த இடத்து அரிப்பைப் பற்றிச் சொல்வதில் டாக்டருக்கும் கூச்சம்.

வீட்டு வைத்தியத்தில் வெந்தயமும் மோரும் வயிற்றுக்குப் போகிறவரை கெடுதல் இல்லை. டெட்டால் கலந்த தண்ணீர், வாசனைச் சோப்பு, உள்ளே பீய்ச்சிக் கழுவுவது எல்லாம் நல்ல பாக்டீரியாவைக் கொன்று நோயை வளர்க்கும். நீலகிரியில் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. மூக்கடைப்பிலிருந்து மூட்டுவலி வரை எல்லாவற்றுக்கும் தைலம் தடவிப் பழகிய மலை இது. தைலத்தை அங்கே தடவாதீர்கள். வெந்துவிடும்.

அரசு இதைக் கண்டுகொள்ளவில்லை என்று சொல்ல மாட்டேன். பால்வினை மற்றும் இனப்பெருக்க உறுப்புத் தொற்றுகளுக்கு நிறத்தால் பிரித்த மருந்துப் பொட்டலங்கள் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசமாகத் தரப்படுகின்றன. வெள்ளைப்படுதலுக்குப் பச்சை நிற இரண்டாம் எண் பொட்டலம். அதில் செக்னிடசோலும் ஃப்ளூகோனசோலும் இருக்கும். எது காரணம் என்று தெரியாத இடத்தில் இரண்டுக்கும் சேர்த்து அடிப்பது என்ற கணக்கு. ஆய்வகமே இல்லாத ஊருக்கு அது நியாயம். ஆனால் பல ஆரம்ப சுகாதார நிலையங்களில் சளி பார்க்க வாங்கிய நுண்ணோக்கி இருக்கிறது. ஒரு கண்ணாடித் துண்டு, ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், சில நிமிடம், பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அமிலத்தன்மை பார்க்கும் தாள் இன்னும் மலிவு. வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்ய 1907இலேயே பாஸ்டர் ஆய்வுக்கூடம் வந்த குன்னூர் இருக்கும் மாவட்டத்தில் ஒரு கண்ணாடித் துண்டைப் பார்ப்பது எட்டாக்கனியாக இருக்க வேண்டியதில்லை.

ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை 2025 ஏப்ரல் 6 அன்று முதலமைச்சர் திறந்துவைத்தார். நல்ல காரியம். பந்தலூரிலிருந்து அங்கே போக மலைப்பாதையில் 70 கிலோமீட்டருக்கு மேல். அரிப்புக்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு யாரும் பஸ் ஏற மாட்டார்கள். தோட்டத்திலேயே மருத்துவ வசதியும் பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் தர வேண்டும் என்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. அந்தச் சட்டம் பிடித்ததும் ஐந்து ஹெக்டேரும் பதினைந்து தொழிலாளர்களும் உள்ள தோட்டங்களைத்தான். நீலகிரியில் தேயிலையின் பெரும்பகுதி சிறு விவசாயிகளின் அரை ஏக்கர், ஒரு ஏக்கர்த் துண்டுகளில் விளைகிறது. அங்கே பறிக்கிறவருக்கு டிஸ்பென்சரியும் இல்லை, கம்பவுண்டரும் இல்லை. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து கொழுந்து பறிக்கும் பெண்களுக்கோ, கடையில் தாழ்ந்த குரலில் கேட்கக்கூட மொழி இல்லை.

யார் கேட்டால் பெண்கள் பதில் சொல்வார்கள் என்பதற்குக் கூடலூரிலேயே விடை இருக்கிறது. 1990இல் தொடங்கிய அஷ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனை, பணியர், குறும்பர், காட்டுநாயக்கர் பெண்களையே நர்ஸ்களாகவும் ஊர் சுகாதாரப் பணியாளர்களாகவும் பயிற்றுவித்தது. ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவே தயங்கிய சனங்கள், தங்கள் ஊர்ப் பெண் கேட்டபோது பேசினார்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021இலிருந்து வீடு தேடிச் சர்க்கரை மாத்திரை கொண்டுபோகிறது, கொண்டுபோகிறவர்களும் பெண்கள். மாத்திரையைக் கையில் கொடுக்கும்போது, "அரிப்பு எரிச்சல் ஏதாவது இருக்காக்கா?" என்று ஒரு வாக்கியம் சேர்த்துக் கேட்க அவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். தனிப் பணியிடம் வேண்டாம், தனித் திட்டம் வேண்டாம், திறப்பு விழாவும் வேண்டாம்.

மருந்துக் கடைகளுக்கு மாவட்ட நிர்வாகமும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் சேர்ந்து ஓர் அட்டை அச்சடித்துக் கொடுக்கலாம். கர்ப்பமா, சர்க்கரையா, வேறு மாத்திரை உண்டா, இதுதான் முதல் தடவையா என்ற கேள்விகள் தமிழிலும் மலையாளத்திலும் இந்தியிலும் இருக்கட்டும். வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்படுகிறவர் விரலால் தொட்டுக் காட்டுவார். ஒன்றுக்கு ஆம் என்றாலும் மாத்திரை இல்லை, ஆஸ்பத்திரிக்குத்தான் என்று கடைக்காரர் சொல்ல வேண்டும். சட்டப்படி இந்த மாத்திரைக்குச் சீட்டு வேண்டும். சீட்டில்லாமல் கொடுப்பதை நாளைக்கே நிறுத்த முடியாது என்றால் கேட்காமல் கொடுப்பதையாவது நிறுத்தலாம்.

படிக்கிற பெண்களுக்கு ஒன்று. முதல் தடவை என்றால், காய்ச்சலோ அடிவயிற்று வலியோ புண்ணோ கெட்ட வாடையோ இருந்தால், ஆறு மாதத்தில் மூன்றாவது தடவை என்றால், கடைக்குப் போகாமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தமோ நிறம் மாறிய நீரோ பட்டால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் இப்படித் தொடங்கக்கூடும், அதற்கான பரிசோதனை அங்கே இலவசம். போக முடியாத நாளில் 104க்குப் போன் செய்து கேளுங்கள். கடையில்தான் வாங்குவது என்றானால், அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: "அண்ணா, எனக்குச் சர்க்கரை இருக்கு, இந்த மாத்திரை சாப்பிடறேன், இதோட இது ஒத்துக்குமா?"